மூக்கா, நுரையீரலா? உள்ளிழுக்கும் மருந்து ஆய்வில் முதல் மூன்று ஆண்டுகளை எதில் போடுவது

பிஎச்டி சேரப்போகிறவர்களும் முதல் போஸ்ட்டாக் தேடுகிறவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வெளியிலிருந்து பார்த்தால் "உள்ளிழுக்கும் மருந்து, மூக்கு வழி மருந்து" என்று ஒரே துறை மாதிரி தெரிகிறது, மாநாடும் ஒன்றுதான், பத்திரிகையும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே வந்துவிட்டால் நான்கு தனி வீடுகள். உலர்தூள் இன்ஹேலர், உந்துவாயு போட்ட பம்ப், திரவ மருந்தை நுண்துளியாக்கும் நெபுலைசர், மூக்குத் தெளிப்பான். ஒரு வீட்டில் மூன்று ஆண்டு இருந்தவர் பக்கத்து வீட்டுக்குப் போனால் கருவிகள் பாதிக்குப் பாதி புதிதாக இருக்கும். அதனால் முதலில் எங்கே நுழைகிறோம் என்பது முக்கியம்.

எது "எதிர்காலம் உள்ள துறை" என்று பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நான் பார்ப்பது ஒன்றைத்தான். நீங்கள் செய்த சோதனை தப்பாகப் போயிருந்தால், அது தப்பு என்று உங்களுக்கு எத்தனை நாளில் தெரியவரும்? இரண்டு நாளில் தெரிந்தால் மூன்று ஆண்டில் உங்கள் கை தேறிவிடும். இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரியும் என்றால் ஆய்வேடு முடிந்திருக்கும், ஆனால் எது உண்மை என்று உங்களுக்கே நிச்சயம் இருக்காது. பணம், வேலை, பெயர் எல்லாவற்றையும் இதற்கு அடுத்த வரிசையில்தான் வைப்பேன்.

உலர்தூளில் ஆரம்பிக்கிறேன், நான் வந்த வழி அதுதான்.

நுரையீரலுக்குள் போக வேண்டிய துகளின் காற்றியக்க விட்டம் (காற்றில் அது நகரும் விதத்தை வைத்துச் சொல்லும் அளவு) சுமாராக 1 முதல் 5 மைக்ரான் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதானால் தொண்டை வளைவிலேயே மோதி நின்றுவிடும், மிகச் சிறிதானால் உள்ளே போய்விட்டு மூச்சோடு வெளியே வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், இந்த அளவுத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் விசை அவற்றின் எடையைவிட அதிகம். மாவு கட்டி கட்டுவது போலக் கட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் பெரிய லாக்டோஸ் துகள்மேல் மருந்தை ஒட்டவைத்து, நோயாளி இழுக்கும் காற்றின் வேகத்தில் பிரித்தெடுக்கிறோம். ஒட்டவும் வேண்டும், சரியான நேரத்தில் பிரியவும் வேண்டும். பழைய லாக்டோஸ் கலவைகள் பலவற்றில் டோஸில் 10 முதல் 30 விழுக்காடுதான் நுரையீரலை அடைகிறது, மீதி வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடுகிறது. மெக்னீசியம் ஸ்டியரேட் சிறிது சேர்ப்பது, லியூசினோடு சேர்த்து ஸ்ப்ரே டிரையரில் உலர்த்துவது, எடை குறைந்த துளைத்துகள் செய்வது என்று இத்தனை வழிகள் வந்ததும் அந்த 30ஐ மேலே தள்ளத்தான். அடர்த்தி குறைவான பெரிய துளைத்துகள் நுரையீரலுக்குள் நன்றாகப் போகும் என்று டேவிட் எட்வர்ட்ஸும் கூட்டாளிகளும் 1997இல் காட்டினார்கள். அதன்பின் ஒரு தலைமுறையே துகள் வடிவமைப்புக்குள் வந்தது.

இந்த வீட்டில் தப்பு சீக்கிரம் தெரியும் என்கிறேனே, அது துகள்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் இம்பாக்டர் என்ற கருவியால்தான். நெக்ஸ்ட் ஜெனரேஷன் இம்பாக்டரில் ஏழு அடுக்குகள், கடைசியில் நுண்துளைச் சேகரிப்பான். முன்னால் செங்கோணமாக வளைந்த உலோகத் தொண்டை. நிமிடத்துக்கு 30 முதல் 100 லிட்டர் வரை காற்றை இழுத்தால், கனமான துகள் வளைந்து போக முடியாமல் மேல் அடுக்குகளிலேயே மோதி நிற்கும், லேசானது அடுத்த அடுக்குக்கு நகரும். ஓர் ஓட்டம், அதாவது ஒரு முறை சோதனை, முடிந்து மூடியைத் திறந்தால், ஒவ்வொரு கிண்ணத்திலும் துளைகளின் அமைப்பு அப்படியே வெள்ளைப் புள்ளிகளாகப் பதிந்திருக்கும். முதல் அடுக்கில் தடித்த புள்ளிகள், கீழே போகப் போகப் பொடிப் பொடியாக, ஐந்தாவது ஆறாவதில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். தொண்டையின் வளைவில் வெள்ளைத் திட்டு பெரிதாக இருந்தால், மருந்தின் அளவை அளக்கும் எச்பிஎல்சி கருவிக்குப் போகுமுன்பே அன்றைய நாள் எப்படி என்று தெரிந்துவிடும். கிண்ணம் கிண்ணமாகக் கரைப்பான் ஊற்றி, ஆட்டி, எடுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மருந்து என்று அளந்து, எல்லாவற்றையும் கூட்டினால் நீங்கள் உள்ளே போட்ட அளவு திரும்ப வர வேண்டும். லேபிளில் சொன்ன அளவில் 85 முதல் 115 விழுக்காட்டுக்குள் வரவில்லை என்றால் அந்த ஓட்டத்தை நம்ப முடியாது. இந்தக் கூட்டல் சரிபார்ப்பை மாதிரி நேர்மையான ஆசிரியர் எனக்கு வேறு யாரும் கிடைத்ததில்லை.

என் முதல் ஆண்டில் காலையில் செய்த ஓட்டங்களில் நுண்துகள் பங்கு (நுரையீரலுக்குள் போகும் அளவில் உள்ள மருந்தின் பங்கு) நன்றாக வரும், மதியத்துக்கு மேல் அதே தூளில் இறங்கும். கலவை சரியில்லை என்று மூன்று வாரம் திரும்பத் திரும்பக் கலந்தேன். காரணம் கலவை இல்லை. அறையின் ஈரப்பதம் மதியம் ஏறிக்கொண்டிருந்தது, நிரப்பிய காப்ஸ்யூல்களை நான் திறந்த தட்டில் வெளியே வைத்திருந்தேன். ஈரப்பதமானியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறித்த பிறகுதான் பிடிபட்டது. மூன்று வாரம் போனது வருத்தம்தான், ஆனால் மூன்று வாரத்தில் தெரிந்ததே என்று இப்போது நினைக்கிறேன்.

உலர்தூளின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஸ்ப்ரே டிரையர், இம்பாக்டர், ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறை மூன்றும் இல்லாத ஆய்வகத்தில் இதை எடுக்காதீர்கள், "பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்" என்றால் வாரம் ஒரு நாள்தான் கிடைக்கும். இன்னொன்று, இங்கே பொருள் சந்தைக்கு வர வெகு காலம் பிடிக்கும். ஆஸ்துமாவுக்கான உலர்தூள் இன்ஹேலர் அட்வெய்ர் டிஸ்கஸுக்கு அமெரிக்க அனுமதி 2000இல் கிடைத்தது, அதன் முதல் ஜெனரிக் வந்தது 2019 ஜனவரியில். தூள், கருவி, நோயாளி இழுக்கும் வேகம் மூன்றும் சேர்ந்துதான் டோஸைத் தீர்மானிக்கின்றன, மூன்றையும் ஒரே மாதிரி ஆக்குவது அவ்வளவு கடினம்.

பொருள் தோற்றால் அதில் வேலை பார்த்தவர் கதி என்ன என்றும் கேட்கிறார்கள். உள்ளிழுக்கும் இன்சுலினான எக்ஸூபெரா 2006 ஜனவரியில் அனுமதி பெற்றது, விற்பனை ஆகவில்லை என்று 2007 அக்டோபரில் ஃபைசர் கைவிட்டது, அதற்காக நஷ்டக் கணக்கில் எழுதிய தொகை 280 கோடி டாலர். அந்தத் தூளை உருவாக்கிய நெக்டாரின் நுரையீரல் பிரிவுச் சொத்துகளை 2008 கடைசியில் நோவார்டிஸ் வாங்கியது. அங்கே வளர்ந்த ஸ்ப்ரே டிரையிங் அறிவுதான் டோபிராமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியின் தூளான டோபி பாட்ஹேலராக 2013இல் அமெரிக்க அனுமதி வாங்கியது. பொருள் போய்விட்டது, கைத்தொழில் போகவில்லை. துகள் செய்யத் தெரிந்தவருக்கு எந்த மருந்து வந்தாலும் வேலை இருக்கிறது.

அடுத்து பம்ப். 1956இல் ரைக்கர் ஆய்வகம் முதல் பம்பைக் கொண்டுவந்தது. ஓசோன் படலத்துக்காக 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் பழைய உந்துவாயுக்கள் போய் எச்எஃப்ஏ-134ஏ, 227 வந்தன. இப்போது இவையும் போக வேண்டிய நேரம், காரணம் புவி வெப்பம். 134ஏ கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பமாக்கும், 227 அதற்கும் மேலே, மூவாயிரம் பக்கம். மாற்றாக நிற்பவை இரண்டு: 152ஏ, இது நூற்றைம்பது மடங்குக்கும் கீழே, ஆனால் தீப்பற்றும். 1234இசட்இ, இதன் எண் ஒன்றை ஒட்டித்தான், சாதாரண வெப்பநிலையில் தீப்பற்றாது. ஆஸ்ட்ராஜெனிகாவின் ட்ரிக்ஸியோ என்ற பம்ப் 1234இசட்இயோடு 2025இல் பிரிட்டனில் அனுமதி பெற்றுவிட்டது.

வாயுவை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். 152ஏ திரவத்தின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.9 கிராம்தான், 134ஏ 1.2. முன்பு மிதந்த மருந்துத்துகள் இப்போது மூழ்கும், குலுக்கிவிட்டு எத்தனை நொடிக்குள் அழுத்த வேண்டும் என்பதே மாறும். வால்வின் ரப்பர் வீங்குவது மாறும், ஆவியாகும் வேகம் மாறும், துளி அளவு மாறும். பௌதிக வேதியியல் பிடித்தவருக்கு இது விருந்துதான். வேலைவாய்ப்பும் இப்போது நான்கில் இங்கேதான் சூடாக இருக்கிறது என்பது என் கணிப்பு. ஆனாலும் பல்கலைக்கழகத்தில் இதை முதல் தலைப்பாக எடுக்கச் சொல்ல மாட்டேன். அழுத்தத்தில் நிரப்பும் வசதி, தீப்பற்றும் வாயுவுக்கான பாதுகாப்பு, புது வால்வு எல்லாமே நிறுவனங்களிடம் இருக்கின்றன. முக்கியமான தரவும் அவர்களிடமே இருக்கிறது, வெளியே வராது. நீங்கள் ஓர் ஆண்டு உழைத்துக் கண்டுபிடிப்பதை அங்கே ஒருவர் எப்போதோ கண்டுபிடித்துப் பெட்டியில் பூட்டியிருக்கலாம். நிறுவனத்தோடு சேர்ந்த பிஎச்டி என்றால் தாராளமாக எடுங்கள், தனியாக வேண்டாம்.

நெபுலைசர்தான் இன்று எல்லாரையும் இழுக்கிறது. புரதம், எதிர்ப்பான், எம்ஆர்என்ஏ எல்லாவற்றையும் நேராக நுரையீரலுக்குத் தரலாம் என்ற ஆசை. ஆசைக்கு அடிப்படை உண்டு. டோர்னேஸ் ஆல்ஃபா என்ற நொதி 1993 கடைசியில் அனுமதி பெற்று இன்றும், நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் சளியை இளக்கிக்கொண்டிருக்கிறது. கொழுப்புக் குமிழான லிபோசோமுக்குள் வைத்த அமிகாசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 2018இல் வந்தது. ஆனால் உள்ளிழுக்கும் எம்ஆர்என்ஏ மருந்து ஒன்றும் இன்னும் சந்தைக்கு வந்து சேரவில்லை, அதற்கு ஒரு காரணம் நெபுலைசருக்குள்ளேயே இருக்கிறது. ஜெட் நெபுலைசரில் திரவம் துளியாகி, தடுப்பில் மோதி, கிண்ணத்தில் விழுந்து, மறுபடி துளியாகி என்று பலமுறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் காற்று-நீர் பரப்பு உண்டாகும், புரதம் அங்கே போய் விரிந்து ஒட்டிக்கொள்ளும். அதிரும் வலை நெபுலைசரில் சுற்று இல்லை, ஆனால் சில மைக்ரான் துளை வழியே பிதுக்குவதில் எம்ஆர்என்ஏவைச் சுமக்கும் கொழுப்பு நுண்துகள் உடைந்து மறுபடி சேரும்போது பெரிதாகிறது, உள்ளே இருந்த ஆர்என்ஏ கொஞ்சம் வெளியே வந்துவிடுகிறது.

இங்கே தப்பு தெரியும் வேகம் நடுத்தரம். நெபுலைசருக்கு முன்னும் பின்னும் துகள் அளவு பார்ப்பது அரை நாள் வேலை, அது நல்ல விஷயம். அதற்கப்புறம்தான் நீளம்: அந்தத் துளி செல்லுக்குள் வேலை செய்ததா என்று பார்க்கக் காற்று-திரவ இடைமுகத்தில் (மேலே காற்றும் கீழே திரவமும் படும்படி) செல் வளர்க்க வேண்டும், அது வாரக்கணக்கு. விலங்கில் பார்க்க வேண்டும் என்றால் மாதக்கணக்கு, அதுவும் எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணி, நீங்கள் மனிதனுக்கென்று செய்த துளியில் பெரும்பகுதி அதன் மூக்கிலேயே தங்கும். பணமும் அதிகம் வேண்டும், ஓர் எதிர்ப்பானைச் சில மில்லிகிராம் வாங்கினாலே ஓட்டங்களை எண்ணி எண்ணித்தான் செய்ய முடியும். எண்ணிச் செய்கிற இடத்தில் ஆரம்பநிலைக்காரர் கை தேறாது. முதலில் மலிவான மருந்தில் நூறு ஓட்டம் செய்துவிட்டு, இரண்டாவது வேலையாக இங்கே வருகிறவர்கள் நன்றாகச் செய்கிறார்கள்.

மூக்குக்கு வருகிறேன். செலவு குறைவு, நுழைவது எளிது, மிகைப்பேச்சும் இங்கேதான் அதிகம். மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. கடந்த பத்துச் சொச்சம் ஆண்டில் மூக்கு வழியாக வந்த மருந்துகளைப் பாருங்கள். 2015இல் ஓபியாய்டு மருந்து மிகையானால் கொடுக்கும் நாலாக்சோன் தெளிப்பு, 2019இல் மனச்சோர்வுக்கு எஸ்கெட்டமின், அதே ஆண்டு இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கினால் கொடுக்கும் குளூக்ககான் தூள், 2020இல் வலிப்புக்கு டயஸெபாம், 2023இல் ஒற்றைத்தலைவலிக்கு ஸாவெஜெபான்ட், 2024 ஆகஸ்டில் கடும் ஒவ்வாமைக்கு எபிநெஃப்ரின். பாதிக்கு மேல் அவசரத்துக்கானவை: ஊசி போடத் தெரியாத ஒருவர் பக்கத்தில் இருந்தாலும் உயிரைக் காப்பாற்றலாம். இதில் எனக்குப் பிடித்த சேதி, டயஸெபாம் தெளிப்பிலும் எபிநெஃப்ரின் தெளிப்பிலும் ஒரே உறிஞ்சல் உதவிப்பொருள், டோடெசில் மால்டோசைடு. ஒரு துணைப்பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டால் அது எத்தனை மருந்துக்குக் கதவு திறக்கும் என்று இதிலிருந்து தெரியும். முதல் ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறவர் இந்தப் பக்கம் பார்க்கலாம்.

கட்டுப்பாடுகள் தெளிவாக இருப்பதும் ஆரம்பநிலைக்காரருக்கு நல்லது. ஒரு மூக்குத்துவாரத்தில் சுமார் 0.1 மில்லிலிட்டர்தான் வைக்க முடியும், அதற்கு மேல் வழிந்துவிடும். வைத்ததைச் சளிப்படலத்தின் நுண்மயிர்கள் 15, 20 நிமிடத்தில் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். துளி இங்கே பெரிதாக இருக்க வேண்டும், 10 மைக்ரானுக்குக் கீழே போனால் மூக்கில் நிற்காமல் கீழே நழுவும். பாதித் தெளிப்பு மூக்கின் முன்பகுதியிலேயே, வால்வு என்று சொல்லும் அந்தக் குறுகலான இடுக்கைத் தாண்டாமலே நின்றுவிடுவதுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி.

அதைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதால்தான் எனக்கு மூக்கு ஆய்வு பிடிக்கும். சிடி ஸ்கேனிலிருந்து முப்பரிமாணத்தில் அச்சிட்ட மூக்கு வார்ப்பு, இரண்டாகத் திறக்கும். உள்சுவரில் நீர் பட்டால் நிறம் மாறும் பசையை மெல்லிசாகப் பூசி, மூடி, தெளிப்பானை வைத்து ஒரு அழுத்து அழுத்தித் திறந்தால், வெள்ளைச் சுவரில் துளி விழுந்த இடமெல்லாம் நிறமேறியிருக்கும். தெளிப்பானைப் பத்து டிகிரி சாய்த்து மறுபடி செய்யுங்கள், கறை வேறு இடத்துக்குப் போயிருக்கும். பத்தே நிமிடத்தில் ஒரு பதில். ஒரு மாணவி இதை முதல் முறை செய்தபோது கறை முழுக்க நடுச்சுவரின் முன்பகுதியில் ஒரே திட்டாக இருந்தது, அவர் வாரக்கணக்காகச் சரி செய்த பாகுத்தன்மைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, நுனியைப் பிடித்த கோணம்தான் காரணம். அன்றிலிருந்து அவர் கையால் அழுத்துவதை விட்டு இயந்திர அழுத்தியில் செய்ய ஆரம்பித்தார். வார்ப்பு, இயந்திர அழுத்தி, லேசர் துளியளவி இருந்தால் போதும், ஒரு நல்ல ஆய்வேடு எழுதிவிடலாம்.

மிகைப்பேச்சு என்று சொன்னது மூக்கிலிருந்து மூளைக்கு என்ற தலைப்பை. பாதை உண்மையில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எலியின் மூக்குப் பரப்பில் ஏறக்குறைய பாதி முகர்ச்சிப் பகுதி, மனிதனுக்கு அது பத்து விழுக்காட்டுக்கும் குறைவு, அதுவும் கூரைமேல், தெளிப்பு எளிதில் எட்டாத மூலையில். சுண்டெலிக்கு மயக்க மருந்து கொடுத்து 50 மைக்ரோலிட்டர் மூக்கில் விட்டால் நல்ல பங்கு நுரையீரலுக்கே போய்விடும், அங்கிருந்து இரத்தம், இரத்தத்திலிருந்து மூளை. மூளையில் மருந்து இருக்கிறது என்று காட்டுவது எளிது, எந்த வழியாகப் போனது என்று காட்டுவதுதான் கடினம். இந்தத் தலைப்பில் நானோ துகள் செய்து, எலிக்குக் கொடுத்து, மூளையில் அளந்து முடித்த கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. ஊசி வழியே கொடுத்த குழு ஒப்பீட்டுக்கு இல்லாத ஆய்வில் சேரவே சேராதீர்கள். நீங்கள் தப்பா சரியா என்று கடைசிவரை தெரியாத இடம் அது.

மூக்குத் தடுப்பூசி தனிக் கதை. மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ தடுப்பூசியான ஃப்ளூமிஸ்ட் 2003இல் வந்தது, பலன் குறைவென்று அமெரிக்காவில் 2016-17, 2017-18 பருவங்களில் பரிந்துரையிலிருந்து எடுத்தார்கள், பிறகு மறுபடி சேர்த்தார்கள். அதற்கு முன் 2000-01 பருவத்தில் சுவிட்சர்லாந்தில் ஒரு மூக்கு ஃப்ளூ தடுப்பூசியைப் போட்டவர்களுக்கு முகவாதம் அதிகம் வந்து அது நிறுத்தப்பட்டது, அதில் ஊக்கியாகச் சேர்த்தது ஒரு பாக்டீரியா நச்சு. மூக்கு நரம்புகளுக்கு மிகப் பக்கம் என்பதை இந்தத் துறைக்கு வருகிறவர் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். நோயெதிர்ப்பியல் படித்தவர்கள் இதை எடுக்கலாம், ஃபார்முலேஷன் மட்டும் தெரிந்தவர் தனியாக எடுத்தால் திணறுவார்.

கணினியில் காற்றோட்டம் கணக்கிடுகிறவர்களைப் பற்றிச் சுருக்கமாக: நல்ல வேலை, செலவும் குறைவு, ஆனால் உங்கள் கணக்கைச் சரிபார்க்க ஒரு வார்ப்பும் இம்பாக்டரும் அதே கட்டிடத்தில் இருக்கட்டும்.

என் வரிசை இப்படி. கருவி மூன்றும் உள்ள ஆய்வகம் என்றால் உலர்தூள். அது இல்லை, செலவுக்கு வழி குறைவு என்றால் மூக்குத் தெளிப்பு, வார்ப்போடு, மூளைக் கனவு இல்லாமல். நிறுவனம் கூப்பிட்டால் பம்ப். நெபுலைசரும் எம்ஆர்என்ஏவும் இரண்டாவது சுற்றில். நோயெதிர்ப்பியலிலிருந்து வருகிறவருக்கு மட்டும் இந்த வரிசை தலைகீழாகும், அவர்கள் நெபுலைசரிலோ தடுப்பூசியிலோ நேரே இறங்கலாம், துகள் அளக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்து மேஜையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முடிவெடுக்குமுன் டிசம்பரில் எடின்பரோவில் நடக்கும் டிடிஎல் மாநாட்டுக்கோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஆர்டிடிக்கோ எப்படியாவது ஒருமுறை போய் வாருங்கள், பயணச் செலவுக்கு மாணவர் உதவித்தொகை ஏதாவது கிடைக்குமா என்று முன்னதாகவே விசாரியுங்கள். பெரிய அரங்கைவிடப் போஸ்டர் பக்கம் அதிக நேரம் நில்லுங்கள். ஒவ்வொருவரிடமும் "எத்தனை ஓட்டம் தோற்றது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்" என்று கேளுங்கள், நான்கு வீட்டு ஆட்களும் சொல்லும் பதிலில் உள்ள வித்தியாசம் உங்களுக்கே புரியும்.

அப்புறம் சேரப்போகும் ஆய்வகத்துக்கு நேரில் போகும்போது, போன மாதத்து இம்பாக்டர் தாளைக் காட்டச் சொல்லுங்கள். கூட்டல் 85க்குக் கீழே போன ஓட்டங்களும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கருவிக்கு முன்பதிவுப் பட்டியல் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும், அதில் வாரத்துக்கு எத்தனை நாள் உங்கள் பெயருக்குக் கிடைக்கும் என்று கேட்டு, சேருமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.